பதினான்காம் பின்

செத்த இறாலின் நாற்றம் மூக்கோடு நிற்பதில்லை. தொண்டைக்குள் இறங்கி அங்கேயே குந்திக்கொள்கிறது.

வாய்க்கால் ஓரத்தில் ஸ்கூட்டியை நிறுத்தியதும் ஸபீனாவுக்கு முதலில் வந்தது குமட்டல். இரண்டாவதாக வந்ததும் அதுதான். முக்காட்டின் நுனியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அணைக்கட்டில் நடந்தாள். வாய்க்கால் தண்ணீர் பழைய கஞ்சியின் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மேலே வெளுத்த இறால்கள் மிதந்தன. ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள். அவற்றின் மேல் ஈக்கள், ஈக்களின் மேல் ஈக்கள்.

2018 ஆவணி. முந்தலுக்கு மேற்கே, பன்னிரண்டு குளங்கள் கொண்ட அல்பேட் முதலாளியின் இறால் பண்ணை.

வெண்புள்ளி நோய் வந்த குளத்துத் தண்ணீரை வெளியே விடக் கூடாது. கதவைப் பூட்டி, குளோரின் போட்டு, நாள் கணக்கில் அடைத்து வைக்க வேண்டும். பண்ணையாளர் சங்கத்தின் முதல் சட்டம் அது. யாரோ அந்தத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டிருந்தார்கள். அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் ஒன்பது சின்னப் பண்ணைகள் ஒரு வாரத்தில் செத்துப்போயின.

அந்த யாரோவுக்குப் பெயர் வைத்தவள் ஸபீனாதான்.

பெயருக்குரிய மனிதன் குழிக்குள் நின்றான். கில்பட், ஐம்பத்திரண்டு வயது, தண்ணீர்க் கதவின் காவல்காரன். முழங்கால் வரை செத்த இறால். மண்வெட்டியால் அள்ளி அள்ளிச் சுண்ணாம்போடு கலந்துகொண்டிருந்தான்.

"கில்பட் அண்ணன், பெட்டிய எடுக்க வந்தன்."

அவன் நிமிரவில்லை. "எடுங்க மிஸ். கேக்க என்ன இருக்கு? எழுதக்குள்ள கேட்டீங்களா?"

"நான்..."

"நாலு மணிக்குச் சங்கத்தில கூட்டம். எனக்கு வேலை இல்ல, பொலிசில குடுக்கிறதாம். நோட்டீஸ் பலகையில உங்கட கடதாசி ஒட்டியிருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரக்குள்ள என்ட மகள் வாசிச்சிட்டா. வந்து கேக்கிறா, அப்பா, பெட்டியத் திறந்தது நீங்களாண்டு." மண்வெட்டியைச் சேற்றில் குத்தினான். "நான் திறக்கல்ல மிஸ். மாதா மேல சத்தியம்."

சத்தியங்களை ஸபீனா நம்புவதில்லை. பெட்டிக்குள் இருந்த சிப் பொய் சொல்லாது என்று நம்பினாள்.

*

அந்தப் பெட்டி அவள் எழுதிய கணினி நிரலில் ஓடுவது. தில்லையடியில் அவள் வேலை செய்யும் முபாரிஸ் நானாவின் சின்னத் தொழிற்கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, மேசையில் வைத்துச் செய்தது. சங்கத்தின் கட்டளைப்படி இந்தப் பக்கத்துப் பெரிய பண்ணைகள் ஒன்பதிலும் தண்ணீர்க் கதவுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று பூட்டியிருந்தார்கள்.

உள்ளே இரண்டு சிப்கள். ஒன்று பெரியது. கதவு திறக்கும்போதும் மூடும்போதும் விழிக்கும், நேரத்தைக் குறிக்கும், பட்டரி வீணாகாமல் மறுபடி தூங்கிவிடும். மற்றது விரல் நகத்தில் பாதி அளவு, பாதுகாப்புச் சிப். கதவு எத்தனை தடவை திறந்தது என்ற எண்ணிக்கை அதன் நினைவில் இருக்கும். அந்த எண்ணில் யாரும் கைவைக்க முடியாதபடி அது சீல் போட்டுத் தரும். மூடியைத் திறந்தால் அதற்கு மின்சாரம் அறுந்து எண்ணிக்கை பூச்சியமாகிவிடும். ஆகவே பூச்சியம் என்றால் யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள்.

போன வாரம் இந்தப் பெட்டி போனுக்கு அனுப்பிய எண்ணிக்கை பூச்சியம். வாய்க்காலோ நாறிக்கொண்டிருந்தது. தில்லையடியில் கதிரையை விட்டு எழும்பாமலே ஸபீனா இரண்டு வரி எழுதினாள்: "மூடி திறக்கப்பட்டு எண்ணிக்கை அழிக்கப்பட்டுள்ளது. பெட்டி காவலாளி கில்பட்டின் பொறுப்பில் இருந்தது." கையொப்பம். முத்திரை. தேத்தண்ணி.

இப்போது கம்பத்தின் முன் நின்று பெட்டியைப் பார்த்தாள்.

நான்கு மூலையிலும் நான்கு திருகாணி. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பொட்டு. பூட்டிய அன்று அவளே தன் கைப்பையிலிருந்த கியூடெக்ஸ் நகப்பூச்சை எடுத்து வைத்த பொட்டுகள். திருகாணியைத் திருகினால் அது வெடித்து உதிரும்.

முதலாவது, முழுசாக. இரண்டாவது, மூன்றாவது, முழுசாக. நான்காவதை நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

மூடியை யாரும் திறக்கவே இல்லை.

நாற்றம் இன்னொரு படி உள்ளே இறங்கியது.

"அண்ணன்," என்றாள். "மற்றப் பண்ணைப் பெட்டி எல்லாம் பறவை எச்சம் மூடிக் கிடக்குது. இது மட்டும் எப்பிடி இவ்வளவு சுத்தமா இருக்கு?"

கில்பட் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "நீர்க்காகம் வந்து குந்தும் மிஸ். பாக்க அருவருப்பு. நான் ஒவ்வொரு நாளும் காலையில துடைப்பன்."

"எதால?"

"துணியாலதான்."

"துணிய எதில நனைப்பீங்க?"

அவன் கையைக் காட்டினான். குளம். உப்புத் தண்ணீர்.

கம்பி உள்ளே நுழையும் துளையைச் சுற்றி வெள்ளையாக, மெல்லிசாக, உப்புப் பூத்திருந்தது. ஸபீனா அதை விரலால் தொட்டாள். பெட்டி பூட்டிய நாள்முதல் ஐந்து வாரமாக ஒவ்வொரு காலையும் ஒரு சொட்டு உள்ளே போயிருக்கிறது, காய்ந்திருக்கிறது, படிந்திருக்கிறது.

அணைக்கட்டிலேயே குந்தினாள். லப்டொப்பை மடியில் வைத்து, மூடியைத் தொடாமல், வெளித்துளை வழியாகக் கேபிளைச் செருகினாள். காந்தத்தைக் கதவு உணரியின் பக்கம் கொண்டுபோனாள். பெட்டி விழித்தது. எண்ணிக்கை: ஒன்று. பத்து விநாடி. பெட்டி தூங்கியது. இம்முறை காந்தம் இல்லாமல் கேபிள் வழியாகவே எழுப்பினாள்.

எண்ணிக்கை: பூச்சியம்.

இன்னொரு தடவை. ஒன்று. தூக்கம். பூச்சியம்.

தன் நிரலைத் திறந்தாள். பெரிய சிப் தூங்கப் போகும்போது எந்தெந்தப் பின்னை, அதாவது எந்தக் கம்பிக் காலை, எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியல். பன்னிரண்டாம் பின் இருந்தது. பதின்மூன்று இருந்தது. அடுத்தது பதினைந்து.

பதினான்காம் பின் பட்டியலிலேயே இல்லை. பாதுகாப்புச் சிப்பின் மீளமைப்புக் கம்பி அதில்தான் போகிறது. அந்தக் கம்பியில் மின்னழுத்தம் உயர்ந்தே இருக்கும்வரை சிப் எதையும் மறக்காது. கீழே விழுந்தால் எல்லாவற்றையும் மறந்து புதிதாகப் பிறக்கும். தூங்கும்போது அந்தப் பின்னை விடாமல் மேலே பிடி என்று ஒரு வரி எழுத வேண்டும். அவள் எழுதவில்லை. பெரிய சிப் தூங்கும்போது கம்பியைக் கைவிட்டுவிட்டது. தில்லையடியின் காய்ந்த மேசையில் கைவிட்ட கம்பி விழாமல் அப்படியே நின்றது, எல்லாச் சோதனையும் பாஸ். இங்கே உப்புப் படிவம் அதை மெல்ல மெல்லக் கீழே இழுத்திருக்கிறது. துடைக்காத சோம்பேறிகளின் பெட்டிகள் எட்டும் ஒழுங்காக எண்ணின. துடைத்தவனின் பெட்டி மட்டும் மறந்தது.

"என்ன மிஸ்?" கில்பட் குழியிலிருந்து கேட்டான்.

அவள் திரும்பி, வாய்க்கால் பக்கம் குனிந்து, காலையில் சாப்பிட்ட பாண் ரொட்டியை வாந்தியெடுத்தாள்.

*

பெரிய சிப்பின் நினைவில் சீல் இல்லாத சாதாரணப் பட்டியல் ஒன்றும் இருந்தது. கதவு திறந்து மூடிய நேரங்கள். வாயைக் கழுவிவிட்டு ஸபீனா அதை வாசித்தாள். குளத்தில் நோய் கண்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்குத் திறந்திருக்கிறது. எட்டு இருபத்தைந்துக்கு மூடியிருக்கிறது.

"அந்த ஞாயிறு ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"மாதா கோயில்ல. பூசையில முதல் வாசகம் நான்தான் வாசிச்சன். ஊரே கேட்டது."

"இந்தக் கதவுக்கு எத்தனை திறப்பு?"

"ரெண்டு." தன் இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக் காட்டினான். மற்றது முதலாளியிடம். அவன் அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

முபாரிஸ் நானாவுக்குப் போன் எடுத்தாள். எடுத்த எடுப்பில், "எங்க இருக்காய்? அல்பேட் முதலாளிட வீட்டுக்கு வா. சாப்பாடு," என்றார்.

போனாள். கம்பத்திலிருந்து உணரியோடு கழற்றிய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

மேசையில் பொரித்த இறால் ஒரு தட்டம். அல்பேட் முதலாளி ஒவ்வொன்றாக எடுத்துத் தலையை முறித்து, வாயில் வைத்து, சர்ரென்று உறிஞ்சினார். உறிஞ்சிய தலைகள் ஒரு பக்கம் குவிந்திருந்தன. தாடையில் எண்ணெய் வழிந்தது. சிரிக்கும்போது பல்லிடுக்கில் ஒரு மீசை தெரிந்தது. இறாலின் மீசை.

"இருங்க மகள், சாப்பிடுங்க. வெள்ளைப் புள்ளி மனுசருக்கு ஒண்டும் செய்யாது."

"வேணாம்."

முபாரிஸ் அவளை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். இடையில் ஒரு தடவைகூட அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவளுக்கு முதல் அடி.

"சரி. பின் பிழைச்சிட்டு. அடுத்த பெட்டியில திருத்து."

"இந்தப் பெட்டி, நானா?"

"இது இண்டைக்குக் கூட்டத்துக்குப் போகும். ஸபீனா, யோசி. ஒரு பெட்டி பொய் சொன்னா ஒன்பதும் பொய்தான் எண்டு சொல்லுவானுகள். சிலாபம் வரைக்கும் எல்லாப் பண்ணைக்கும் போடுறதுக்குக் கதைச்சு முடிச்சிருக்கன். எல்லாம் போயிடும்."

"கில்பட் பொலிஸ் மறியலுக்குப் போவான்."

"போகமாட்டான். ஒரு கிழமை வைச்சிருப்பானுகள். புறகு விட்டுடுவானுகள்." சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன்ட பேக்கில ஸ்க்ரூ டிரைவர் இருக்குத்தானே? அந்தக் கியூடெக்ஸ சுரண்டிடு. ரெண்டு ஆணியக் கழட்டிட்டுப் பூட்டு. ரெண்டு நிமிசம். மூடி திறந்திருக்குது, உன்ட ரிப்போட் சரி. முடிஞ்சுது கதை."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! கறிக்கு உப்புப் போடச் சொல்வது போல.

"அல்லாஹ்வுக்குப் பயமில்லையா நானா உங்களுக்கு?"

"எனக்கு வங்கிக்குத்தான் பயம்," என்றார் முபாரிஸ். அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தார். பிறகு கையை நீட்டினார். "உனக்கு ஏலாட்டி பெட்டியத் தா. நான் செய்யிறன்."

ஸபீனா அந்தக் கையைப் பார்த்தாள். ஐந்து வருடமாகச் சம்பளம் தந்த கை. விரல்களில் பொரித்த எண்ணெய் மினுங்கியது. பெட்டி அதில் பட்டுவிடக் கூடாது என்பது போல ஓரடி பின்வாங்கினாள். பிறகு ஓடினாள். ஸ்கூட்டி கிளம்பும்போது பின்னால், "அடியே! ஸபீனா!" என்ற சத்தம் கேட்டது.

*

நான்கு மணி. சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர். யார் சட்டையிலும் அதே நாற்றம். தலைவர் நெய்னார் கனமூலை ஊர்க்காரர், மெலிந்த மனிதர், தன்னுடைய இரண்டு குளமும் செத்துப்போனவர். கில்பட் கதவோரம் நின்றான். அவனுக்கு யாரும் கதிரை கொடுக்கவில்லை. முதலாளியும் முபாரிஸும் முன்வரிசையில்.

நெய்னார் வாய் திறப்பதற்குள் ஸபீனா பெட்டியை மேசையில் வைத்தாள்.

"தலைவர், இந்த நாலு ஆணியையும் பாருங்க."

"என்ன மகள் இது, சிவப்பா?"

"கியூடெக்ஸ். நான் பூட்டின அண்டைக்கு வைச்சது. ஒண்டும் உடையல்ல. இந்த மூடியை இண்டைக்கு வரைக்கும் யாரும் திறக்கல்ல. என்ட ரிப்போட் பிழை."

கூட்டம் சலசலத்தது. முபாரிஸ் எழுந்தார். "தங்கச்சிக்குக் காலையில இருந்து சுகமில்ல..."

"இருங்க முபாரிஸ்," என்றார் நெய்னார். "நீ சொல்லு மகள்."

காந்தத்தை ஏழு தடவை உணரியில் காட்டினாள். லப்டொப்பை எல்லோருக்கும் தெரியத் திருப்பினாள். ஏழு. "இப்ப இது தூங்கப்போகுது." பத்து விநாடி. நாற்பது பேரும் ஒரு பெட்டி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுப்பினாள். பூச்சியம்.

"சூனியமா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பொட்டுகளைச் சுரண்டி, நெய்னாரின் கண் முன்னால், மூடியைக் கழற்றினாள். பின்களுக்கு நடுவே வெள்ளை உப்பு, பாணில் பூத்த பூஞ்சணம் போல. "தூங்கும்போது பிடிக்க வேண்டிய ஒரு பின்னை நான் பிடிக்கச் சொல்லல்ல. கைவிட்ட கம்பிய இந்த உப்பு கீழ இழுத்திருக்கு. இப்ப பாருங்க." ஒரு வரி சேர்த்தாள். பதினான்காம் பின், தூக்கத்திலும் மேலே. நிரலைப் பெட்டிக்குள் ஏற்றினாள். உப்பைத் துடைக்காமலே மூடியைப் பூட்டினாள். மறுபடி ஏழு தடவை. தூக்கம். எழுப்பினாள்.

ஏழு.

மறுபடி தூக்கம். ஏழு.

"உப்பு அப்பிடியே இருக்குது. ஆனாப் பின் விடாமப் பிடிச்சிருக்கு. பிழை கில்பட் அண்ணனுடையது இல்ல. என்னுடையது." கதவோரம் நின்ற கில்பட்டைக் காட்டினாள். "இன்னொண்டு. கதவு திறந்த நேரம் பெட்டியில இருக்குது. ஞாயிறு காலை ஏழு பத்து. அந்த நேரம் இவர் பூசையில வாசகம் வாசிச்சவர். கதவுக்கு ரெண்டு திறப்பு."

எல்லாக் கண்ணும் முன்வரிசைக்குப் போய், அங்கே நிற்கப் பயந்து, தரைக்கு இறங்கின. அவர்கள் எல்லோருடைய இறாலையும் வாங்குகிற ஐஸ் தொழிற்சாலை அல்பேட்டினுடையது.

அல்பேட் முதலாளி மெதுவாக எழுந்தார். சிரித்தார்.

"நல்ல புள்ள. உண்மைய உடைச்சுச் சொல்லிப்போட்டா. கில்பட், மன்னிச்சுக்கொள்ளடா, நானும் கடதாசிய நம்பித்தான் கதைச்சனான்." நெய்னாரிடம் திரும்பினார். "ஆனாத் தலைவர், அந்த நேரக்கணக்குக்குச் சீல் இருக்கா?"

நெய்னார் ஸபீனாவைப் பார்த்தார்.

"இல்ல," என்றாள். அந்த ஒரு சொல்லைத் துப்ப வேண்டியிருந்தது. "சீல் எண்ணிக்கைக்குத்தான். பாதுகாப்புச் சிப் அத மறந்துட்டுது."

"அப்ப அத யாரும் எழுதேலும். பெட்டிய நம்பேலாது எண்டு இவவே நாற்பது பேருக்கு முன்னால காட்டிட்டா. கதவைத் திறந்தது யாரெண்டு ஆண்டவருக்குத்தான் தெரியும்." அவள் எதிர்பார்ப்பதற்குள் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். ஈரமான, கொழுத்த, இறால் மணக்கும் கை. "தெங்ஸ் மகள். பெரிய உதவி."

அவள் கையை உருவிக்கொண்டாள். ஒருவனைக் காப்பாற்றிய அதே வாயால் இன்னொருவனையும் காப்பாற்றியிருந்தாள். நாற்பது பேருக்கும் அது தெரிந்தது. நாற்பது பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெறுத்தது அல்பேட்டையா, செருப்புகளையா, தன்னையா என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

நெய்னார் தொண்டையைச் செருமினார். "கில்பட்டில குற்றம் இல்ல. பொலிசுக்குப் போறதில்ல. திருத்தின பெட்டி நாளைக்கே முதலாளிட கதவில ஏறும். மற்ற எட்டும் இந்தக் கிழமைக்குள்ள திருத்தப்பட வேணும்." இதைச் சொல்லும்போது அவரும் அல்பேட்டைப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னார்.

முதலாளியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. முபாரிஸ் அவர் பின்னாலேயே வெளியே போனார். கதவடியில் நின்று, "நாளையில இருந்து வராத," என்றார் ஸபீனாவிடம். "என்ட பெயர் போட்ட கடதாசியில இனி ஒரு எழுத்தும் எழுதாத."

*

கூட்டம் கலைந்தது. கில்பட் மட்டும் போகவில்லை.

"அண்ணன், என்னை மன்னி..."

"அது வேணாம் மிஸ்." கையை உயர்த்தித் தடுத்தான். "மன்னிப்ப நான் வீட்ட கொண்டுபோய் மகளிட்ட காட்டேலுமா? கடதாசில எழுதினீங்க. கடதாசில எழுதுங்க."

நோட்டீஸ் பலகையிலிருந்து தன் அறிக்கையைக் கிழித்தெடுத்தாள். வேறு தாள் இல்லை. அதன் பின்பக்கத்திலேயே எழுதினாள். பெட்டியின் மூடி திறக்கப்படவில்லை. கில்பட் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பெட்டியின் நிரலில் ஏற்பட்ட கவனக்குறைவே காரணம். கையொப்பம்.

கில்பட் அதை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, உதடசைத்து வாசித்தான். அவனிடமிருந்து சுண்ணாம்பும் அழுகலும் கலந்து மணத்தது. அவள் மூக்கைப் பொத்தவில்லை. பொத்துவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

"'ஏற்பட்ட' எண்டு போட்டிருக்கீங்க."

"ஓம்."

"அது தன்பாட்டில ஏற்பட்டதா?"

ஸபீனா தாளை வாங்கினாள். அந்த வரியை வெட்டினாள். 'நான் செய்த பிழையே காரணம்' என்று மாற்றி எழுதினாள்.

அவன் மறுபடி வாசித்தான். தலையசைக்கவில்லை.

"இன்னும் ஒண்டு குறையுது மிஸ். பின் விட்டது பெட்டிக்குள்ள. அது எனக்கு விளங்காது, ஆருக்கும் வரும். ஆனா நீங்க வந்து பாத்திருந்தா அந்தச் சிவப்புப் பொட்டு அண்டைக்கே தெரிஞ்சிருக்கும். முந்தலுக்கும் தில்லையடிக்கும் எவ்வளவு தூரம்? பஸ் ஓடுதுதானே?"

குனிந்து, கையொப்பத்துக்கு மேலே மிஞ்சியிருந்த சின்ன இடத்தில், நெருக்கி நெருக்கி எழுதினாள்:

"பெட்டியை வந்து பார்க்காமலே நான் இவர்மேல் குற்றம் எழுதினேன்."

கில்பட் வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான். நான்காக மடித்தான்.

"பலகையில ஒட்டவேணாமா?" என்றாள்.

"நாளைக்கு ஒட்டலாம். முதல்ல வீட்டுக்குப் போகட்டும்."

சட்டைப் பைக்குள் அதை வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கி நடந்தான்.